கட்டுத்தரைக்கும் வீட்டு வாசலுக்கும் ஒரு பிரஷர் வாஷர்: காங்கயம் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே, கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாகக் கிடக்கும் கொறங்காட்டுப் பகுதியில் என் தாய்மாமாவின் தோட்டம் இருக்கிறது. மேய்ச்சல் மாடுகளும் கறவை மாடுகளுமாகப் பன்னிரண்டு உருப்படிகள், ஒரு டிராக்டர், ஒரு டிப்பர், ஓட்டு வீடு ஒன்று, அதன் முன்னால் சிமென்ட் வாசல் என்று இந்தப் பக்கத்தில் சாதாரணமாகக் காணக்கூடிய அமைப்புதான். அவர் ஏற்கெனவே இணையத்தில் வாங்கியிருந்த, தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் ஏழே மாதத்தில் நின்றுபோனது. கோவையில் மோட்டார் பம்புகளோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தத் தேர்வு எப்படி நடந்தது, எந்த இடத்தில் என் கணிப்பு மாறியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

செத்துப்போன கருவி சொன்னது

புதியதைத் தேடும் முன் பழையதைப் பிரித்துப் பார்த்தேன். ஏழு கிலோ எடைகூட இல்லாத, ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய கருவி. உள்ளே இருந்தது, சுழலும் பகுதியில் உரசி மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். மிக்ஸியிலும் டிரில்லிங் மெஷினிலும் இருக்கும் அதே வகை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றும் இந்த வகை, சின்ன உடம்பில் பெரிய சக்தி தரும் என்றாலும், பிரஷ் தேயத் தேய அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கருகி ஒரு நாள் நின்றுவிடும். இங்கே பிரஷ் கடுகளவு மட்டுமே மிஞ்சியிருந்தது. பம்பின் தலைப்பகுதி பிளாஸ்டிக். அதில் மயிரிழை போல ஒரு விரிசல். தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்க வேண்டிய சல்லடை வடிகட்டியைக் காணோம். அது இல்லாததால் போர் தண்ணீரின் மணல் நேரே உள்ளே போய், பிஸ்டன்களில் நீளவாக்கில் கோடு கோடாகக் கீறியிருந்தது.

கருவியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாக இருக்காது. தினமும் மாடு கட்டும் கட்டுத்தரையைக் கழுவ நாற்பது நிமிடம் அதை ஓட்டியிருக்கிறார்கள். ஏழு மாதத்துக்குக் கணக்கிட்டால் 140 மணி நேரம் வருகிறது. வாரத்துக்கு ஒரு முறை கார் கழுவ இருபது நிமிடம் ஓட்டும் நகரத்து வீட்டுக்காரருக்கு ஆண்டுக்குப் பதினேழு மணி நேரம்தான் ஆகும். ஆக, எட்டு ஆண்டு வேலையை ஏழு மாதத்தில் வாங்கிவிட்டு, கருவி உழைக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறோம். பிரஷர் வாஷர் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு சாதிக் கருவிகள் இருக்கின்றன என்பதை விற்பவர் சொல்வதில்லை. ஜெர்மனியின் கெர்ஷர் நிறுவனம் 1950இல் வெந்நீர் உயர் அழுத்தக் கருவியைக் கொண்டுவந்தது தொழில் உபயோகத்துக்காக. வீட்டுக்காரர் கையில் தூக்கிச் செல்லும் கருவியை அதே நிறுவனம் விற்கத் தொடங்கியது 1984இல்தான். வடிவத்தில் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டின் ஆயுள் கணக்கு வேறு.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்

அந்தப் பழைய பெட்டியை மாமா பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தார். அதன்மேல் 1800 வாட், 150 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), நிமிடத்துக்கு 7 லிட்டர் என்று மூன்று எண்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பதைக் காட்ட ஒரு சின்னப் பெருக்கல் போதும். பாரையும் நிமிட லிட்டரையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் தண்ணீரில் வெளிவரும் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். 150ஐ 7ஆல் பெருக்கினால் 1050. 600ஆல் வகுத்தால் 1.75 கிலோவாட். உள்ளே போவதே 1.8 கிலோவாட் என்றால், மோட்டார் சூட்டிலும் பம்பின் உராய்விலும் ஏறத்தாழ ஒன்றுமே வீணாகவில்லை என்று பொருள். இந்த வகை மோட்டாரும் பம்பும் சேர்ந்தால் உள்ளே போவதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை தண்ணீராக வெளியே வந்தாலே நல்லது.

மூன்றில் எந்த எண்ணும் பொய்யில்லை. ஆனால் மூன்றும் ஒரே நிலைமையைச் சொல்லவில்லை. 150 பார் என்பது கருவி தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். 7 லிட்டர் என்பது அழுத்தமே இல்லாமல் ஓடும்போது வரும் அளவு. உழைக்கும்போது இருக்கும் நிலை வேறு. அது கருவியின் உடம்பில் ஒட்டிய சிறு தகட்டில் இருக்கும். இவ்வகைக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60335-2-79 தரக்கட்டின்படி வந்தவற்றின் தகட்டில் வேலை அழுத்தமும் உச்ச அழுத்தமும் தனித்தனியாக, பெரும்பாலும் மெகாபாஸ்கல் கணக்கில் போட்டிருக்கும். ஒரு மெகாபாஸ்கல் என்பது 10 பார். பழைய கருவியின் தகட்டில் வேலை அழுத்தம் 10 மெகாபாஸ்கல், ஓட்டம் 5.5 லிட்டர். கணக்குப் போட்டால் 0.92 கிலோவாட், உள்ளே போனதில் பாதி. அதுதான் உண்மை. அதன் பிறகு கடைகளில் பெட்டியைப் பார்ப்பதையே விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

தண்ணீரும் மின்சாரமும்

கருவியைத் தேடும் முன் தோட்டத்தை அளந்தோம். என் அனுபவத்தில் இதைச் செய்யாமல் வாங்கப்படும் பம்புகள்தான் அதிகம் பழுதுக்கு வருகின்றன.

கட்டுத்தரைக்குப் பக்கத்தில் ஆறடி மேடையில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. அதிலிருந்து 25 மீட்டர் அரை அங்குல ஹோஸ் போட்டுத்தான் பழைய கருவிக்குத் தண்ணீர் தந்திருக்கிறார்கள். பத்து லிட்டர் வாளியை ஹோஸ் முனையில் வைத்து நேரம் பார்த்தேன். நிறைய ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஆனது. நிமிடத்துக்கு ஆறு லிட்டர் மட்டுமே. எட்டு லிட்டர் கேட்கும் கருவிக்கு ஆறு லிட்டர் தந்தால் பம்புக்குள் வெற்றிடக் குமிழிகள் தோன்றி உடையும்; டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஓடும் பம்பின் வால்வும், தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலும் சீக்கிரம் அரித்துப்போகும். முக்கால் அங்குலக் குழாய் போட்டதும் அதே வாளி அரை நிமிடத்தில் நிறைந்தது. ஒரு குழாய் மாற்றத்தில் தீர்ந்த இந்தச் சிக்கலுக்கு எந்தக் கருவியின் விலையும் ஈடு கொடுத்திருக்காது.

இன்னொரு விஷயம் மே மாதத்தில் தெரிந்தது. இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை உள்ளே வரும் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுக்கின்றன. கறுப்புத் தொட்டியிலிருந்து மதியம் மூன்று மணிக்கு வரும் தண்ணீரில் கையை வைத்திருக்க முடியவில்லை. டிராக்டர் கழுவுவதைக் காலைக்கு மாற்றிக்கொண்டோம்.

மின்சாரக் கணக்கு இதைவிட மோசமாக இருந்தது. வீட்டு மீட்டரிலிருந்து கட்டுத்தரைக்கு 70 மீட்டர், இழுத்திருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. போக வர 140 மீட்டர், மின்தடை ஏறத்தாழ 1.7 ஓம். பத்து ஆம்பியர் இழுத்தால் 17 வோல்ட் வழியிலேயே போய்விடும். மாலையில் வீட்டிலேயே 214 வோல்ட்தான் இருந்தது. அப்படியானால் கட்டுத்தரையில் 197. புதிதாக வாங்க நினைத்ததோ பிரஷ் இல்லாத இன்டக்‌ஷன் மோட்டார் வகை. இன்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். அப்போது வோல்டேஜ் எந்த அளவுக்கு விழும் என்பதை யோசித்தாலே மோட்டாரின் செம்புச் சுருளான வைண்டிங் கருகும் வாடை மூக்கில் ஏறுகிறது. அதிலும் தண்ணீர் பீச்சும் கைப்பிடியான கன்னின் விசையை விட்டதும் மோட்டாரை நிறுத்தி, அழுத்தியதும் கிளப்பும் அமைப்புள்ள கருவிகளில், டிராக்டர் ஒன்றைக் கழுவி முடிப்பதற்குள் முப்பது நாற்பது முறை மோட்டார் கிளம்பும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு மாற்றியதும் ஓடும்போதைய இழப்பு ஆறரை வோல்ட்டாகக் குறைந்தது. தோட்டத்து மும்முனை இணைப்பிலிருந்து ஒரு முனையை எடுத்துவிடலாம் என்று ஒரு வயர்மேன் யோசனை சொன்னார். அது பம்புசெட்டுக்கானது என்று மாமா மறுத்துவிட்டார், நானும் அதையே சொன்னேன்.

கூடவே, மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு முறிப்பானும், தனி எர்த் குழியும் போட்டோம். நனைந்த தரையில் நான்கு காலும் ஊன்றி நிற்கும் மாடு, மனிதன் உணராத சிறு மின்கசிவுக்கும் துடிக்கும். கட்டுத்தரையில் இந்தச் செலவைக் குறைத்துக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

கணிப்பு மாறிய இடம்

இதுவரை என் மனத்தில் இருந்தது நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டார், கிராங்க் தண்டுப் பம்பு, பித்தளைத் தலை, 100 பாரில் 12 லிட்டர் தரும் கனமான கருவி. தினமும் நாற்பது நிமிடம் தாங்க வேண்டுமானால் அதுதான் சரி. ஆனால் அது மூன்று குதிரைத்திறன் கேட்கும். ஒருமுனை மின்சாரத்தில் பதின்மூன்று பதினான்கு ஆம்பியர் இழுக்கும். மாலை நேர வோல்டேஜில் 16 ஆம்பியர் ப்ளக் பாயின்டின் விளிம்பில்தான் அது ஓடும். பெட்ரோல் எஞ்சின் வைத்தது மின்சாரக் கவலையைத் தீர்க்கும் என்றாலும், கூரை போட்ட இடத்துக்குள் அதன் புகை ஆபத்தானது, சத்தம் மாட்டுக்கு ஆகாது.

முடிவெடுக்கும் முன், கட்டுத்தரையில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்று ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நின்று பார்த்தேன். அதற்காக இரவல் வாங்கிய 110 பார் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த சாணியின்மேல் தாரை பட்டதும் அது ஓடவில்லை, சிதறியது. எதிர்ச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குப் பச்சைப் புள்ளிகள். பக்கத்தில் கட்டியிருந்த பசுவின் மடியிலும் பட்டது. காற்றில் ஒரு மென்மூட்டம் எழும்பி, நாங்கள் மூவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். கறந்த பாலை மூடாமல் வைத்திருந்தால் அதிலும் விழுந்திருக்கும். ஓரத்து மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் போனது. அப்புறம் சிதறியதைச் சேர்த்து ஓட்ட மேலும் பத்து நிமிடம் ஆனது.

சாணியைக் கரண்டியால் வழித்துக் குப்பைக்குழிக்கு அனுப்பிய பிறகு எஞ்சுவதைத் தள்ள வேண்டியது தண்ணீரின் அளவு. அழுத்தம் அங்கே இடைஞ்சல். அந்த வேலைக்கு ஏற்றது இந்தப் பக்கத்தில் வாட்டர் சர்வீஸ் கடைகளிலும் மருந்தடிப்பதற்கும் வைத்திருக்கும் எச்.டி.பி. பம்பு. 22 மில்லிமீட்டர் பிஸ்டன் மூன்று, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவான சுற்று, இருபது சொச்சம் பாரில் இருபது லிட்டர் வரை தண்ணீர், பெல்ட்டில் ஓடும் இரண்டு குதிரைத்திறன் மோட்டார். பிஸ்டனில் தண்ணீரை அடைத்துப் பிடிக்கும் பக்கெட் வாஷரை எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம், எந்த மெக்கானிக்கும் மாற்றுவார். மாமாவிடம் அப்படியொன்று தென்னங்கீற்றுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது.

"இதையா மாப்ளே இத்தனை நாள் மூலையில போட்டிருந்தோம்?" என்றார்.

"இதுல மருந்தடிச்சிருக்கீங்க மாமா. பம்புத் தலையும் ஹோஸும் புதுசு போட்டாத்தான் மாட்டுப் பக்கம் கொண்டுபோகணும்."

பூச்சிமருந்து ஓடிய ரப்பர் ஹோஸை எத்தனை முறை அலசினாலும் நம்பக்கூடாது என்பது என் நிலைப்பாடு. மோட்டாரையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு, பம்புத் தலை, ஹோஸ், கன் மூன்றையும் புதிதாக வாங்கினோம். இப்போது கட்டுத்தரைக்குப் பதினைந்து நிமிடம், முந்நூறு லிட்டருக்குள் ஆகிறது.

தினசரி வேலை இப்படிக் கழன்றுகொண்டதும், பிரஷர் வாஷருக்கு மிஞ்சியது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்: டிராக்டரின் சேறு, டிப்பர், ஐப்பசி கார்த்திகை மழையில் வாசலில் படரும் பாசி, தண்ணீர்த் தொட்டியின் உட்சுவர், மாடுகளை வெளியே கட்டியபின் மாதம் ஒரு முறை கட்டுத்தரைச் சுவர். அந்தக் கனமான கருவி தேவையில்லாமல் போனது.

வாங்கியது

தேர்ந்தெடுத்தது 2200 வாட் இன்டக்‌ஷன் மோட்டார், தகட்டின்படி 110 பாரில் 8 லிட்டர், உலோகப் பம்புத் தலை. கணக்கு 1.47 கிலோவாட், உள்ளே போவதில் மூன்றில் இரண்டு. நம்பத்தக்க எண். எடை இருபது கிலோவைத் தாண்டியது. இந்தக் கருவியைப் பொறுத்தவரை கனம் ஒரு நல்ல அடையாளம், ஏனென்றால் அந்தக் கனம் செம்பும் இரும்பும்தான்.

கடையில் நான் கேட்டவை விற்பவருக்குச் சற்று எரிச்சலூட்டியிருக்கும். வாட்டர் சீல் செட் இருப்பில் இருக்கிறதா, அதை எடுத்து மேசைமேல் வைக்க முடியுமா என்று முதலில் கேட்டேன். இரண்டு கடைகளில் "வரவழைச்சுத் தர்றோம்" என்றார்கள். மூன்றாவது கடையில் எடுத்து வைத்தார்கள், அங்கேயே வாங்கினோம். ஓராண்டு உத்தரவாதத்தைவிட அந்த ஒரு பொட்டலம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அடுத்தது ஹோஸின் மரை. பெரும்பாலானவற்றில் எம் 22 மரைதான் வரும். ஆனால் உள்ளே நுழையும் குழல் சிலவற்றில் 14 மில்லிமீட்டர், சிலவற்றில் 15. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், திருகினால் ஏறிக்கொள்ளும், அழுத்தம் வந்ததும் ஒழுகும். கூடுதல் ஹோஸ் வாங்கும்போது வெர்னியரால் அளந்துதான் வாங்கினேன். எட்டு மில்லிமீட்டர் உள்விட்டத்தில் இருபது மீட்டர் ஹோஸ் எடுத்தது வேண்டுமென்றேதான்: எட்ட வேண்டிய தூரத்துக்கு மின்கம்பியை நீட்டுவதைவிட அழுத்த ஹோஸை நீட்டுவது பாதுகாப்பு, இரண்டு மூன்று பார்தான் குறையும்.

பதினான்கு மாதங்கள்

முதல் வாரத்திலேயே இரண்டு சேதங்கள். என் மாமா மகன் தாரையைச் சுழற்றும் நாசிலை (தண்ணீர் வெளிவரும் முனையை) மாட்டி டிராக்டர் ரேடியேட்டரின் முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்தான். தகட்டு மடிப்புகள் உள்ளங்கை அகலத்துக்கு மடங்கிப் படுத்துவிட்டன. சீப்பு போன்ற ஒரு கருவியால் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்த ஒரு மத்தியானம் போனது. இப்போது ரேடியேட்டருக்கு எச்.டி.பி.யின் அகன்ற தாரை மட்டும். வீல் பேரிங் சீல், ஒயர் இணைப்புகள், டயர் பக்கவாட்டு ஆகியவற்றுக்கு தாரை 40 டிகிரி கோணத்தில் விரியும் வெள்ளை நாசில், கை நீளத் தூரம். சிவப்பு நாசில், அதாவது ஊசி போன்ற பூஜ்ஜிய டிகிரித் தாரை, பூட்டிய டப்பாவில் இருக்கிறது. அதைப் பூட்டக் காரணம் இரண்டாவது சேதம்: வாசல் சிமென்டில் அரைவட்டமாக ஒரு கோடு, விரல்நுனி நுழையும் ஆழத்தில்.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வேலை முடிந்து, கன்னைத் தன் காலுக்கு நேரே திருப்பிச் சேற்றைக் கழுவப் போனார். குழாயில் கால் கழுவும் வழக்கம்தானே, அவர்மேல் தவறில்லை. பத்து பாருக்குக் குறைவான அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும். 110 பார் தாரை சிறு ஊசித் துளை போலத் தெரியும் காயத்தின் வழியே அழுக்கோடு சதைக்குள் பரவும். அப்படிப்பட்ட காயத்துக்குக் களிம்பு போட்டுவிட்டு இருக்கக்கூடாது, உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். இதை அவரிடமும் மற்றவர்களிடமும் விளக்கி, கம்பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கிக் கருவியின் கைப்பிடியிலேயே மாட்டிவைத்தோம்.

பழுது என்று பார்த்தால் இதுவரை ஒன்றுதான். ஒன்பதாவது மாதத்தில் அழுத்தம் ஏறி இறங்கியது. பம்பைச் சந்தேகிக்கும் முன் நாசிலைக் கழற்றிப் பார்த்தபோது, போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து துளையைக் கோணலாக்கியிருந்தது. குண்டூசியால் குத்திச் சரிசெய்தோம். இரண்டு மாதம் கழித்து நாசிலையே மாற்றினோம். நுழைவாயில் வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவுகிறார்கள். வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து, குழாயை மூடி, கன்னை அழுத்தி ஹோஸில் மிஞ்சிய அழுத்தத்தை விடுகிறார்கள். கன்னை விட்டுவிட்டு மோட்டாரை ஓடவிட்டுப் பேசப் போகக்கூடாது என்பதை மட்டும் இன்னும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. இந்தக் கருவியில் தானே நிற்கும் அமைப்பு இல்லை. விசையை விட்டதும் தண்ணீர் பம்புத் தலைக்குள்ளேயே சுற்றிச் சூடேறும், சில நிமிடங்களில் சீல் கெடும். குறைந்த வோல்டேஜில் அடிக்கடி கிளம்புவதைவிட இது மேல் என்று நான்தான் இந்த வகையைத் தேர்ந்தேன். அதற்கு ஈடாக ஓட்டுபவரின் கவனம் தேவைப்படுகிறது.

கடையில் மேசைமேல் வைக்கச் சொன்ன சீல் பொட்டலம், பிரிக்கப்படாமல் மாமாவின் மேசை அறையில் பால் கணக்கு நோட்டுக்கு அடியில் இருக்கிறது.